கார்ப்பெட்டுக்குக் கீழே கிடைத்த ஓக் தரை: எந்தச் சீலர், எந்தப் பூச்சு?

கேள்வி: ஸ்காபரோவில் 1950களில் கட்டிய தனி வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். நவம்பர் முதல் வாரம் சாவி கைக்கு வரும். வீட்டைப் பார்க்கப் போனபோது கூடத்தின் மூலையில் கார்ப்பெட்டைச் சற்றே தூக்கிப் பார்த்தோம். கீழே ஒடுக்கமான ஓக் பலகைகள் வரிசையாக அடித்த தரை இருக்கிறது. கூடம், நடை, மூன்று படுக்கையறைகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 850 சதுர அடி வரும். ஜன்னலோரம் இரண்டு இடங்களில் கறுப்புக் கறை. முன்பு இருந்தவர்கள் நாய் வளர்த்தார்களாம். தேய்த்துப் பூசி முடிக்க எங்களுக்கு ஒரு வாரம்தான் அவகாசம். ஒரு ஒப்பந்தக்காரர் எண்ணெய்ப் பாலியூரித்தேன் மூன்று கோட் போதும், சீலரே வேண்டாம் என்கிறார். இன்னொருவர் சீலர் ஒரு கோட், அதன்மேல் கெட்டியாக்கி கலந்த வாட்டர் பேஸ் பூச்சு இரண்டு கோட் என்கிறார். அவர் கேட்கும் தொகை கூடுதல். கடையில் கேட்டால், எதைப் பூசினாலும் முதலில் சாண்டிங் சீலர் அடியுங்கள் என்றார்கள். கணவரின் தம்பியோ எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சைத்தான் இப்போது எல்லோரும் போடுகிறார்கள் என்கிறார். எனக்கு வெளிறிய, பூச்சே இல்லாதது போன்ற தரைதான் பிடிக்கும். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. மாமிக்கு ஆஸ்துமா. பேஸ்மெண்டில் வாடகைக்கு இருப்பவர்கள் தொடர்ந்து இருக்கப்போகிறார்கள். நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரி,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு இரண்டாவது ஒப்பந்தக்காரர் சொன்ன முறைதான் பொருந்தும். வெறும் மரத்தில் முதலில் பூசும் சீலர் ஒரு கோட், அதன்மேல் கெட்டியாக்கி (பூச்சு நன்றாக இறுக, பூசும் முன் கலக்கும் இரண்டாவது பொருள்) கலந்த வாட்டர் பேஸ் பாலியூரித்தேன் இரண்டு கோட். சீலரும் பூச்சும் ஒரே நிறுவனத்துடையதாக, ஒன்றோடு ஒன்று சேரும் என்று அந்த நிறுவனமே எழுதிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். முதலாமவர் சொன்னதிலும் தவறில்லை. எண்ணெய்ப் பாலியூரித்தேனுக்குத் தனிச் சீலர் தேவையில்லை என்பது உண்மை. முதல் கோட்டே மரத்தின் துளைகளை அடைத்துவிடும். ஆனால் நவம்பர் குளிர், ஒரே வாரம், ஆஸ்துமா, கீழே குடியிருப்பவர்கள் என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால் அது உங்களுக்கு ஒத்துவராது. கடையில் சொன்னதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள்.

பூச்சைப் பற்றிப் பேசுவதற்கு முன் தரையைப் பற்றிப் பேச வேண்டும். எந்த ஓக் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. அந்தக் காலத்து ரொறன்ரோ வீடுகளில் கார்ப்பெட்டுக்குக் கீழே கிடைப்பது பெரும்பாலும் சிவப்பு ஓக். இன்று பத்திரிகைகளிலும் மாதிரி வீடுகளிலும் நீங்கள் பார்த்து ஆசைப்படும் வெளிறிய தரையோ அநேகமாக வெள்ளை ஓக். பெயர் ஒன்றாக இருந்தாலும் பூச்சை வாங்கிக்கொள்ளும் விதத்தில் இரண்டும் வேறு வேறு மரங்கள். சிவப்பு ஓக்கின் துளைகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை திறந்தே கிடக்கும். ஒரு சிறு துண்டை எடுத்து ஒரு நுனியைத் தண்ணீரில் வைத்து மறுநுனியில் ஊதினால் குமிழி வரும். வெள்ளை ஓக்கின் துளைகளை மரமே அடைத்து வைத்திருக்கும். விஸ்கிப் பீப்பாய்களை அதில் செய்வதற்குக் காரணம் அதுதான். எனவே சிவப்பு ஓக் முதல் கோட்டை நிறையக் குடிக்கும். நிறமும் அந்தத் துளைகளில் போய்த் தங்கும். கடினத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜாங்கா அளவில் சிவப்பு 1290, வெள்ளை 1360. இரண்டுமே வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

எது என்று தெரிந்துகொள்ள, தேய்த்த பலகையில் ஓர் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். நீளவாக்கில் கறுத்த சிறு கோடுகள் தெரியும். அவை பெரும்பாலும் அரை அங்குலத்துக்குள் முடிந்து, மரம் இளஞ்சிவப்புச் சாயலோடு இருந்தால் சிவப்பு ஓக். கோடுகள் அதைவிட நீண்டு, மரம் தவிட்டு நிறமாகச் சற்றே பச்சை ஓடினாற்போல் இருந்தால் வெள்ளை ஓக். இந்தச் சோதனையை ஒப்பந்தக்காரரோடு சேர்ந்து செய்யுங்கள்.

இனி, உங்கள் ஆசைக்கு வருகிறேன். சிவப்பு ஓக்கின் மேல் நிறமில்லாத தெளிந்த வாட்டர் பேஸ் பூச்சை நேரடியாகப் பூசினால் மரத்தின் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். பகலில் சிலருக்கு அது பிடிக்கும். குளிர்கால மாலையில் வெள்ளை விளக்கின் கீழ் தரை ரோஜா நிறமாகத் தெரியும்போது, இதையா கேட்டோம் என்று தோன்றும். வெள்ளை நிறமி கலந்த சீலர்கள் விற்கின்றன. தேய்த்த மரத்தின் நிறம் மாறாமல் காட்டுவதற்கென்றே செய்தவை அவை. வெள்ளை ஓக்கில் அழகாக அமையும். சிவப்பு ஓக்கிலோ அந்த வெண்மை துளைகளில் தங்கிக் கோடு கோடாகத் தெரிவதுண்டு; இளஞ்சிவப்பும் முழுதாக அடங்காது. சாயம் ஏற்றி அதை மறைக்கலாம். ஆனால் அது இன்னொரு நாள் வேலை, இன்னொரு பொருள், பிசகுவதற்கு இன்னோர் இடம். ஒரு வார அவகாசத்தில் அதற்குள் போக வேண்டாம் என்பது என் கருத்து. தேன் நிறம் தரும் வாட்டர் பேஸ் சீலரைப் பரிசீலியுங்கள். அது சிவப்பைப் பொன்னிறத்தின் பக்கம் இழுத்து அமைதிப்படுத்தும். மேலே வரும் தெளிந்த பூச்சு பழுப்பதில்லை என்பதால், இன்று பார்க்கும் நிறத்துக்குப் பக்கத்திலேயே பல ஆண்டுகள் நிற்கும். எண்ணெய்ப் பாலியூரித்தேன் அப்படியில்லை. பூசும்போதே தேன் நிறமாக இருக்கும். ஆண்டுகள் போகப் போக ஆரஞ்சுப் பக்கம் நகரும். ஜமக்காளமோ அலமாரியோ மறைத்த இடம் வேறு நிறமாக நிற்கும்.

நான் சொல்வதை நம்பி நிறத்தை முடிவு செய்ய வேண்டாம். தேய்ப்பு முடிந்த அன்று சுவரோடு அமைந்த படுக்கையறை அலமாரிக்குள், அதன் தரையில், ஓரடிச் சதுரங்களாக மூன்று மாதிரி பூசச் சொல்லுங்கள்: தெளிந்த சீலர், தேன் நிறச் சீலர், வெள்ளை நிறமிச் சீலர். ஒவ்வொன்றின் மேலும் இறுதிப் பூச்சு ஒரு கோட். காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் ஒரு முறையும், இரவில் நீங்கள் வழக்கமாகப் போடும் விளக்கில் ஒரு முறையும் பாருங்கள். கடையில் இருக்கும் வண்ண அட்டை வேறு யாருடைய மரத்திலோ பூசியது. உங்கள் தரை எழுபது ஆண்டு பழையது. அதன் நிறம் அதற்குத்தான் தெரியும்.

சீலர் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். வாட்டர் பேஸ் பூச்சில் அதற்கு மூன்று வேலைகள். நிறத்தைத் தீர்மானிப்பது ஒன்று. தண்ணீர் பட்டதும் மரத்தின் நார் எழுந்து நிற்குமல்லவா, அதை முதல் கோட்டிலேயே எழுப்பி, லேசாகத் தேய்த்து மட்டமாக்க இடம் கொடுப்பது இரண்டாவது. மூன்றாவது வேலையைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் ஊர்க் குளிருக்கு அதுதான் முக்கியம்.

ஒன்ராறியோவில் மரத்தரை ஆண்டு முழுவதும் அசைந்துகொண்டே இருக்கிறது. கோடையில் காற்றின் ஈரத்தைக் குடித்து ஒவ்வொரு பலகையும் அகலத்தில் சற்றே விரியும். ஜனவரியில் உலை ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டதும் எல்லாம் சுருங்கும். பலகைகள் தனித்தனியாகச் சுருங்கினால் ஒவ்வோர் இடுக்கிலும் மயிரிழை அளவு இடைவெளிதான் விழும், கண்ணில் படாது. சில வாட்டர் பேஸ் பூச்சுகளை வெறும் மரத்தில் நேரடியாக ஊற்றினால் அவை இடுக்குகளில் இறங்கிப் பசையாகி, பக்கத்துப் பக்கத்துப் பலகைகளை ஒட்டிவிடும். ஏழெட்டுப் பலகைகள் ஒரே பலகையாகச் சேர்ந்து சுருங்கும்போது மொத்த இடைவெளியும் ஓரிடத்தில் திறக்கும். கூடத்தின் நடுவில் காசு நுழையும் அளவு வெடிப்பைப் பார்த்துவிட்டு, பலகை கெட்டுவிட்டது என்று பலர் கலங்குகிறார்கள். பலகையில் குற்றமில்லை. இடுக்கில் ஒட்டும் தன்மை குறைந்த சீலரை முதலில் போட்டிருந்தால் அநேகமாக அது வந்திருக்காது. ஆகவே ஒப்பந்தக்காரரிடம் இதைக் கேளுங்கள்: இந்தச் சீலர் பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டுவதைக் குறைக்கும் என்று அதன் தகவல் தாளில் எழுதியிருக்கிறதா? ஆம் என்றால் தாளைக் காட்டச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டுச் சங்கடப்பட மாட்டார்.

கடையில் சொன்ன சாண்டிங் சீலர் வேறு பொருள். பெரும்பாலும் மேசை, நாற்காலி, அலமாரிக்கானது. எளிதாகத் தேய்பட வேண்டும் என்பதற்காக அதில் ஸ்டியரேட் என்ற சோப்பு வகைப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அதனால் அந்தப் படலம் மென்மையாக இருக்கும். பாலியூரித்தேன் அதில் சரியாகப் பிடிக்காது. நடமாட்டம் உள்ள தரையில் மேலே உள்ள கடினமான பூச்சு கீழே உள்ள மென்மையான பூச்சிலிருந்து செதில் செதிலாக உரியும். உரிந்தால் மீண்டும் வெறும் மரம் வரை தேய்ப்பதைத் தவிர வழியில்லை. டப்பாவில் "மரத்தரைக்கு" என்றும், அதன்மேல் எந்தப் பூச்சு போடலாம் என்றும் எழுதியிருந்தால் மட்டுமே எந்தச் சீலரையும் தொடுங்கள்.

அரக்கிலிருந்து செய்யும் ஷெல்லாக்கைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஜார்க்கண்ட் காடுகளில் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குதான். மெழுகு நீக்கிய ஷெல்லாக் மிக நல்ல தடுப்பு; பழைய மெழுகும் வாடையும் மேலே வராமல் பிடிக்கும், சிவப்பு ஓக்குக்கு அழகான வெதுவெதுப்பும் தரும். மெழுகு நீக்காததன் மேல் பாலியூரித்தேன் பிடிக்காது. தரைப் பூச்சு நிறுவனங்கள் பல, தங்கள் சீலரைத் தவிர வேறொன்றைக் கீழே போட்டால் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே உங்கள் தரையில் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ப் பாலியூரித்தேனை ஏன் தள்ளுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல பூச்சு. விலை குறைவு, பூசுவது எளிது, ஓக்கின் ரேகைகளை எடுத்துக் காட்டுவதில் அதற்கு இணை குறைவு. காலியான வீடு, ஜூன் மாதம், திறந்த ஜன்னல் என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். உங்கள் நிலைமை வேறு. ஒவ்வொரு கோட்டும் அடுத்ததற்குத் தயாராகப் பெரும்பாலும் ஒரு நாள் எடுக்கும். குளிரில் இன்னும் இழுக்கும். முழுதாக இறுக ஏறக்குறைய 30 நாள். அதுவரை கரைப்பானின் வாடை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். கட்டடப் பூச்சுகளிலிருந்து காற்றில் கலக்கும் இந்தக் கரிமச் சேர்மங்களுக்கு 2009இல் மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்த பின் அளவு குறைந்திருக்கிறது. ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர் அந்த வாடையில் இரவு தூங்கக் கூடாது. இன்னொன்று, அந்த ஆவி தீப்பிடிக்கும். பேஸ்மெண்டில் எரிவாயு உலையோ, எப்போதும் சிறு சுடர் எரியும் பழைய வெந்நீர்க் கலனோ இருந்தால் பூசும் நேரத்தில் அணைத்தாக வேண்டும். நவம்பரில், கீழே ஆட்கள் இருக்கும்போது, அது எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பாருங்கள்.

வாட்டர் பேஸ் பூச்சு இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்துவிடும். 24 மணி நேரம் கழித்துக் காலுறையோடு நடக்கலாம். ஒரு வாரத்தில் பெரும்பகுதி இறுகிவிடும். கெட்டியாக்கி கலந்த வகை, பள்ளிக்கூடம், கடை போன்ற இடங்களுக்கென்றே உருவானது. சுவீடனின் போனா, ஜெர்மனியின் லோபா போன்ற நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. இரண்டில் எது என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. உங்கள் ஒப்பந்தக்காரர் எதை வழக்கமாகப் பூசிக் கைப்பழக்கம் உள்ளவரோ அதுதான் உங்களுக்கு நல்லது. கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். சில வகைகளுக்கு 4 மணி நேரம்தான். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்க முடியாது. அதனால் புதிய கையில் இந்தப் பூச்சைக் கொடுக்காதீர்கள். நீங்களாகப் பூசிப் பார்க்கவும் வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். வாடை குறைவு என்றால் தீங்கில்லை என்று பொருளல்ல. அந்தக் கெட்டியாக்கியில் இருப்பது பெரும்பாலும் ஐசோசயனேட் வகைச் சேர்மம். இறுகியபின் அதனால் கவலையில்லை. பூசும்போதும் காயும்போதும் அது மூச்சுக்குழலைத் தூண்டும். தொழிற்சாலைகளில் ஆஸ்துமா வருவதற்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. பூசுபவர் உரிய முகக்கவசம் அணிய வேண்டும். மாமியும் குழந்தையும் அந்த வாரம் முழுவதும் பழைய வீட்டிலேயே இருக்கட்டும். பேஸ்மெண்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசி, பூச்சு நடக்கும் இரண்டு நாட்களுக்கு அவர்கள் வேறெங்காவது தங்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தச் செலவை நீங்கள் ஏற்பதுதான் முறை. இந்த வீடுகளில் மேலும் கீழும் பெரும்பாலும் ஒரே உலை, ஒரே காற்றுக் குழாய். மேலே எழும் தூசியும் ஆவியும் அதன் வழியே கீழே போகும். தேய்க்கும்போது காற்றோட்டத் துவாரங்களை நாடாவால் மூட வேண்டும். பூசும் நேரத்திலும் அது மேல் ஆடை கட்டும் வரையிலும் உலையின் விசிறி ஓடக் கூடாது. பிறகு வெப்பத்தைத் திரும்பக் கொண்டுவந்து ஜன்னலைச் சற்றே திறந்து வைக்கலாம். இத்தனையும் முடியாது என்று தோன்றினால் கெட்டியாக்கி இல்லாத ஒற்றைப் பொருள் வாட்டர் பேஸ் பூச்சை மூன்று கோட் போடச் சொல்லுங்கள். தரை நீடித்து உழைப்பது சற்றுக் குறையும். ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் நம் வீடுகளுக்கு அது மோசமான தேர்வல்ல. அப்போதும் பூச்சு காயும் வரை யாரும் உள்ளே இருக்க வேண்டாம்.

உங்கள் கொழுந்தனார் சொன்ன எண்ணெய்-மெழுகுப் பூச்சு எனக்கும் பிடித்தமானது. ஜெர்மனியின் ஆஸ்மோ, பெல்ஜியத்தின் ரூபியோ ஆகியவை இந்த வகை. படலமாக மேலே நிற்காமல் மரத்துக்குள் இறங்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்பப் பூசலாம். பாலியூரித்தேனில் அது நடக்காது. பூச்சே இல்லாதது போன்ற தோற்றம் வேண்டும் என்கிறீர்களே, அதற்கு மிக அருகில் வருவதும் இதுதான். ஆனால் நிறமில்லாத எண்ணெய் சிவப்பு ஓக்கின் சிவப்பைத் தூக்கிக் காட்டும். சிந்தியதை உடனே துடைக்கும் வீட்டுக்குத்தான் அது ஏற்றது. சாமி விளக்கிலிருந்து சொட்டும் நல்லெண்ணெய், இரண்டு வயதுக் குழந்தை கவிழ்க்கும் ரசம், மஞ்சள் பட்ட கை எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள். மஞ்சள் கறை எந்தப் பூச்சிலும் பிடிக்கத்தான் செய்யும். பாலியூரித்தேனில் மேலோடு நிற்பதால் துடைத்தபின் எஞ்சும் சாயல் வெயில் பட்டு மங்கிப் போகும். எண்ணெய்ப் பூச்சில் அது உள்ளே இறங்க வாய்ப்பு அதிகம். குழந்தை வளர்ந்தபின் படுக்கையறைகளுக்கு அதைப் போட நினைத்தால் தாராளமாகப் போடலாம். அன்று ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும். எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட வேண்டும். அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும். தேய்ப்பு எந்திரத்தின் தூசிப் பைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதை இரவில் வீட்டுக்குள் விட்டுவிட்டுப் போக விடாதீர்கள்.

பூச்சுக்கு முந்தைய வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவி கிடைத்ததும் சூடு வரும் துவாரத்தின் இரும்பு மூடியைத் தூக்கிப் பாருங்கள். பலகையின் வெட்டுமுகம் அங்கே தெரியும். முக்கால் அங்குலக் கனம் இருந்தால் பயமில்லை. எட்டில் மூன்று பங்கு அங்குலம் மட்டுமே உள்ள மெல்லிய பலகையாக இருந்து, முன்பே ஒருமுறை தேய்க்கப்பட்டிருந்தால், பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நாக்குக்கு மேலே எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது என்று ஒப்பந்தக்காரர் அளந்து சொல்லட்டும். 1960க்கு முன் கட்டிய வீடுகளின் வண்ணப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். ஓரத் தேய்ப்பு எந்திரம் சுவரடிப் பலகையின் பூச்சைத் தொடும். குழந்தை இருக்கும் வீட்டில் அதைப் பரிசோதிக்காமல் தொடங்கக் கூடாது. சமையலறைப் பக்கம் ஒன்பது அங்குலச் சதுரப் பழைய ஓடுகள் தென்பட்டால் அவற்றில் கல்நார் இருக்கலாம். பெயர்க்கவோ தேய்க்கவோ வேண்டாம், முதலில் ஆய்வகத்துக்கு ஒரு மாதிரி போகட்டும்.

அந்தக் காலத்துத் தரைகளில் ஷெல்லாக்கும் அதன்மேல் மெழுகும் பூசும் வழக்கம் இருந்தது. வெள்ளைத் துணியில் மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானைத் தொட்டு ஒரு மூலையில் அழுத்தித் தேயுங்கள். துணியில் பழுப்பாக வழவழப்பு ஏறினால் மெழுகு இருக்கிறது. தேய்ப்பில் மேற்பரப்பு மெழுகு போய்விடும். இடுக்குகளில் தங்கியது வாட்டர் பேஸ் பூச்சில் சிறு குழிகளை உண்டாக்கும். முன்கூட்டியே தெரிந்தால் ஒப்பந்தக்காரர் அதற்கேற்ப இடுக்குகளைச் சுத்தம் செய்வார்.

கறுப்புக் கறைகளைப் பற்றி நம்பிக்கையும் எச்சரிக்கையும் இரண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அது கறுக்கும். ஆணியைச் சுற்றியுள்ள கறுப்பு வளையங்கள் பெரும்பாலும் ஆக்ஸாலிக் அமிலத்தில் வெளுத்துவிடும். நாயின் சிறுநீர் பல ஆண்டு ஊறிய இடம் அப்படி எளிதில் வழிக்கு வராது. அமிலத்தைக் கையுறையோடு பூசி, பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, நல்ல தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். அதன் தூளை மூச்சில் இழுப்பது கெடுதல் என்பதால் கழுவாமல் தேய்க்கக் கூடாது. ஒரு முறை செய்து பார்த்தும் போகவில்லை என்றால் மரத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அந்த நாலைந்து பலகைகளை எடுத்துவிட்டு, அலமாரிக்குள் இருக்கும் தரைப் பலகைகளைக் கழற்றி அங்கே பொருத்தச் சொல்லுங்கள். ஒரே மரம், ஒரே வயது என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அலமாரிக்குள் புதுப் பலகை போட்டுக்கொள்ளலாம்.

டானின் காரணமாகவே இன்னொன்று. கோட்டுகளுக்கு இடையே தேய்க்க இரும்புக் கம்பளியை யாரும் கொண்டுவரக் கூடாது. அதன் துகள் வாட்டர் பேஸ் பூச்சின் ஈரத்தில் துருப்பிடித்துக் கரும்புள்ளியாகும். நைலான் பட்டையோ மெல்லிய உப்புத்தாளோ போதும்.

தேய்ப்பு 36 அல்லது 40 எண் உப்புத்தாளில் தொடங்கி, 60, 80 என்று ஏறி 100 அல்லது 120இல் முடிய வேண்டும். நடுவில் எண்களைத் தாண்டிக் குதித்தால் முரட்டுத்தாளின் கீறல் அப்படியே நிற்கும். வாட்டர் பேஸ் பூச்சு அதைக் காட்டிக்கொடுக்கும். சீலர் பூசுவதற்கு முந்திய மாலை நீங்கள் நேரில் போய், கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்துப் பாருங்கள். சுவரோரங்களில் பிறை வடிவக் கீறல்கள் தெரிந்தால் ஓரத் தேய்ப்பு சரியாக முடியவில்லை. அதைச் சொல்ல அதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

உங்கள் வாரத்துக்கு இது அடங்கும். முதல் நாளும் இரண்டாம் நாளும் கறை, பழுது, தேய்ப்பு; இரண்டாம் நாள் இரவு அலமாரி மாதிரிகள். மூன்றாம் நாள் சீலரும், முடிந்தால் மாலையில் முதல் கோட்டும். நான்காம் நாள் லேசான தேய்ப்பு, இறுதிக் கோட். பிறகு இரண்டு நாட்கள் யாரும் மிதிக்காமல் காயட்டும். ஏழாம் நாள் மேசை நாற்காலிகளைத் தூக்கிக் கொண்டுபோய் வைக்கலாம், இழுக்கக் கூடாது. ஜமக்காளமும் விரிப்பும் இன்னும் ஒன்றிரண்டு வாரம் சுருட்டியே இருக்கட்டும். ஒரு கேலன் ஏறக்குறைய 500 சதுர அடிக்கு வரும் என்பதால், உங்கள் தரைக்குச் சீலர் இரண்டு கேலன், இரண்டு கோட் பூச்சுக்கு நாலு கேலன் தேவை. மதிப்பீட்டில் இதற்குக் குறைவாக இருந்தால் எப்படிப் போதும் என்று கேளுங்கள். மெல்லியதாக இழுத்துப் பூசிய தரைதான் சீக்கிரம் தேயும்.

பளபளப்பில் சாட்டின் அல்லது மேட் எடுங்கள். குழந்தை வண்டி ஓட்டிய கீறலும் தூசியும் அதில் அவ்வளவாகத் தெரியாது. மினுமினுப்பைக் குறைக்கும் பொடி டப்பாவின் அடியில் படிந்திருக்கும். பூசுவதற்கு முன் நன்றாகக் கலக்க வேண்டும்.

குடிவந்தபின் வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 35 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையே இருக்கப் பாருங்கள். சிறிய ஈரமானி ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைத்தால் ஈரமூட்டியை எப்போது ஓட்டுவது என்று தெரியும். பனிக்காலத்தில் காலணியோடு வரும் உப்பும் மணலும் பூச்சுக்குப் பெரும் பகை. வாசலிலேயே நின்றுவிட வேண்டும். வினிகர், நீராவித் துடைப்பான், பளபளப்பு ஏற்றும் மெழுகுத் திரவம் மூன்றும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதைத் தடவிவிட்டால் பிற்காலத்தில் மேற்பூச்சு பிடிக்காமல் போகும். மரத்தரைக்கென்று விற்கும் துடைப்புத் திரவமும், பிழிந்த துணியும் போதும். நடையில் பூச்சு மங்கத் தொடங்கியதும், மரம் வெளியே தெரிவதற்கு முன், மேலோட்டமாகத் தேய்த்து ஒரு கோட் போட்டுவிட்டால் மீண்டும் பெரிய எந்திரம் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை.

பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுக்கும் முன் ஒப்பந்தக்காரரிடம் சீலரின் முழுப்பெயர், பூச்சின் முழுப்பெயர், பளபளப்பு வகை, கோட் எண்ணிக்கை, பூசிய தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அதை மின்சாரப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். பின்னாளில் மேற்பூச்சு போட வருபவர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, கீழே என்ன பூசியிருக்கிறது என்பதாகத்தான் இருக்கும்.